எர்த் ராடு மாட்டிய பக்கம்

எனக்குச் சந்தேகப் புத்தி என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பால்காரர் தண்ணீர் கலக்கிறார், பஸ் டிரைவர் என்னைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே நிறுத்தாமல் போகிறார், கடிகாரம் பழுது பார்க்கிறவர் நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு மட்டமானதை வைத்துவிட்டார் என்று தினமும் ஏதாவது ஒரு குற்றப்பத்திரிகை வாசிப்பேன். அதற்கு நான் ஒரு நியாயமும் வைத்திருந்தேன். லைன்மேன் வேலை பார்க்கிறவனுக்கு இந்தப் புத்தி இல்லாவிட்டால் அவன் பென்ஷன் வாங்க மாட்டான். பதினோராயிரம் வோல்ட் ஓடுகிற கம்பியும் செத்த கம்பியும் பார்வைக்கு ஒன்றுதான். குருவி இரண்டிலும் உட்காரும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கம்பத்தில் ஏறும் முன் சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டு 'லைன் கிளியர்' கேட்க வேண்டும். அங்கே டூட்டியில் இருக்கும் ஆபரேட்டர் அந்த லைனை நிறுத்திவிட்டு ஒரு நம்பர் சொல்வார். நாமும் எழுதிக்கொள்வோம், அவரும் ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்வார். வேலை முடிந்து அதே நம்பரைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் அவர் மறுபடியும் கரண்ட் விடுவார். சுருக்கமாகச் சொன்னால், நம் உயிர் இரண்டு மைல் தள்ளி ஓர் அறையில் இன்னொருவர் விரலில் இருக்கிறது. அந்த இன்னொருவர் ராத்திரி சரியாகத் தூங்கினாரா, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தாரா என்பதெல்லாம் நமக்குத் தெரியாது.

சேர்ந்த மூன்றாம் வருஷம் ஆலங்குளம் சாலையில் ஒரு வேலை. நான் கம்பத்திலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போதே, அன்றைக்கு மட்டும் துணைக்கு வந்து கீழே நின்றவர் அவசரப்பட்டுப் பக்கத்து ரைஸ்மில் போனில் நம்பரைத் திருப்பிச் சொல்லிவிட்டார். என் கால் மண்ணில் பட்டதும் தலைக்கு மேல் கம்பி இரைந்தது. இன்னும் இரண்டு மூச்சு பிந்தியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். நேராக சப்ஸ்டேஷனுக்குப் போய் ஆபரேட்டரிடம் கத்தினேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நிதானமான ஆள். "நம்பர் வந்துச்சு தம்பி, போட்டேன். கம்பத்துல ஆள் இருக்கிறது எனக்கு இங்க இருந்து எப்பிடித் தெரியும்?" என்றார். ரிஜிஸ்டரைத் திருப்பியும் காட்டினார். எழுத்துப்படி அவர் சரி. ஆனால் அவர் அதைச் சொன்ன அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. தவறே செய்யாதவன் இவ்வளவு அமைதியாக இருப்பானா என்று தோன்றியது. அன்றைக்கு மனசில் விழுந்த முடிச்சை நான் அவிழ்க்கவே இல்லை.

இந்த வேலைக்கு இரண்டு பேர் ஜோடியாகப் போக வேண்டும். என் ஜோடி சோழபுரத்துக்காரன், என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். அவன் எனக்கு நேர் எதிர். கடன் கேட்டவனையும் நம்புவான், கடைசி பஸ் வரும் என்றும் நம்புவான். என்னை 'சிஐடி' என்றுதான் கூப்பிடுவான். "ஏலே சிஐடி, இன்னைக்கு யாரு மேல கேஸு?" என்று கேட்டுக்கொண்டேதான் சைக்கிளை எடுப்பான்.

கம்பத்தில் எர்த் ராடு மாட்டாமல் கம்பியைத் தொடக்கூடாது. அது நீளமான கழி, நுனியில் கொக்கி. கொக்கியிலிருந்து ஒரு ஒயர் இறங்கி, தரையில் அடித்த இரும்புக் கம்பியோடு சேரும். யாராவது தப்பித்தவறி கரண்ட் விட்டாலும் அது ஆளை விட்டுவிட்டு மண்ணுக்குள் போய்விடும். வேலை நடக்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் மாட்ட வேண்டும் என்பது விதி. எங்கள் செக்ஷனில் இரண்டு செட் இருந்தது. ஒன்றின் கொக்கி உடைந்து மாசக்கணக்கில் மூலையில் கிடந்தது. எழுதிக் கேட்டோம். வரும் என்றார்கள்.

ஒன்றுதான் இருக்கிறதென்றால் எந்தப் பக்கம் மாட்டுவது? எங்களுக்குள் இந்தப் பேச்சு வந்தபோது நான்தான் தீர்ப்புச் சொன்னேன். "சப்ஸ்டேஷன் பக்கமா மாட்டுல. வந்தா அந்த ஆளுகிட்ட இருந்துதான் வரும்." அவன் சிரித்தான். ஆனாலும் அன்றிலிருந்து அப்படியே மாட்டினான். என் சந்தேகத்தைக் கிண்டல் செய்வானே தவிர, என் சொல்லை ஒருநாளும் தட்டியதில்லை.

எண்பதுகளின் கடைசியில் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்பா முன்பே இறந்துவிட்டதால் தாரை வார்த்துக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. மண்டபம் ஊருக்கு வெளியே, சோழபுரம் போகும் சாலையில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. அதற்கென்று ஒரு ட்ரான்ஸ்பார்மர். அதே ட்ரான்ஸ்பார்மரில் இரண்டு கிணற்று மோட்டார்கள், வேறொன்றும் இல்லை.

எங்கள் பக்கம் கல்யாண வீட்டார் பத்திரிகை வைக்கிற வரிசையில் சப்ஸ்டேஷனும் ஒன்று. வெற்றிலை பாக்குத் தட்டோடு போய் ஆபரேட்டருக்குப் பத்திரிகை வைத்து, முகூர்த்த நேரத்தில் மட்டும் கரண்ட்டை நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்டுவிட்டு வருவார்கள். மின்சார ஆபீஸ்காரன் வீட்டுக் கல்யாணத்துக்கும் அது உண்டு. நான் போன அன்று அந்த மனுஷர்தான் டூட்டியில் இருந்தார். தட்டை மேஜையில் வைத்தேன். அவர் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு பத்திரிகையை வாங்கினார். தேதியைப் பார்த்துவிட்டு, "அன்னைக்குக் காலை ஷிப்டு எனக்குத்தான் தம்பி. கவலைய விடுங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு வாரத் தூக்கத்தைக் கெடுத்தது. பழையதை வைத்துக்கொண்டு, சரியாகத் தாலி கட்டுகிற நேரத்தில் லைனை நிறுத்திச் சம்பந்தி வீட்டார் முன்னால் என்னை அசிங்கப்படுத்தப் போகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லாமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், சீரியல் விளக்கும் மைக் செட்டும் வாடகைக்கு விடுகிற ஒருவரிடம் ஜெனரேட்டர் சொல்லிவிட்டு வந்தேன். கரண்ட் போனால் ஒரு நிமிஷத்தில் ஓடவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

அதோடு விட்டேனா? மண்டபத்தின் மெயின் சுவிட்ச் ஒரு சின்ன அறையில் இருந்தது. யாரையாவது ஏவிவிட்டு அதையும் அணைத்துவிட்டால்? முதல் நாள் சாயங்காலமே அந்த அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஜெனரேட்டர்காரர், ஓட்டவேண்டி வந்தால் முதலில் மெயினை அணைக்கவேண்டும், சாவி வேண்டும் என்றார். நான் இங்கேதானே இருக்கப்போகிறேன், கேட்டால் தருகிறேன் என்றேன். லைன்மேன் நான். மெயினை அணைக்காமல் ஜெனரேட்டரைக் கொடுத்தால் அந்தக் கரண்ட் தெரு லைனுக்கு ஏறும், ட்ரான்ஸ்பார்மர் வழியாகத் தலைகீழாகப் போய்ப் பதினோராயிரமாக வெளியே வரும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிற அளவுக்குத் தெரியும்.

கல்யாணத்தன்று விடிந்ததிலிருந்து மண்டபத்து விளக்குகள் துடித்தன. என் ஜோடி புது வேட்டி சட்டையில் வந்தவன், வெளியே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினான். மண்டபத்துக்கு இரண்டு கம்பம் முன்னால் ஒரு ஜம்பர், அதாவது லைனையும் லைனையும் சேர்க்கிற துண்டுக் கம்பி, பொறி தட்டிக்கொண்டிருக்கிறதாம்.

"முகூர்த்த நேரத்துல அறுந்துச்சுன்னா அசிங்கமாப் போயிரும் மாப்ள. இப்பமே மாத்திருதேன். கா மணி நேரம்."

"நீ ஏம்ல? டூட்டிக்காரனுக்குச் சொல்லி அனுப்பலாம்."

"ஒன் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் செய்யாம எவன் செய்வான்?"

நான் அவன் காதருகில் போய், "அந்த ஆள் டூட்டியில இருக்கான், ஞாபகம் வச்சுக்கோ" என்றேன். "சரிங்க சிஐடி" என்று சொல்லிவிட்டு, வேட்டியை அவிழ்த்துக் காக்கி டவுசருக்கு மாறி, செக்ஷனிலிருந்து எர்த் ராடை வரவழைத்துக்கொண்டு தனியாகவே போனான். மண்டபத்து ஆபீஸ் போனில் அவன் லைன் கிளியர் கேட்டபோது, முகூர்த்தம் முடியட்டுமே, பிறகு வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஆபரேட்டர் சொன்னாராம். இவன்தான் விடாமல் கேட்டு வாங்கியிருக்கிறான். இந்தப் பேச்சில் நேரம் போய்விட்டது. லைன் நின்றபோது நான் மேடையில் உட்கார்ந்திருந்தேன். என் கைகளுக்குள் தங்கையின் கை, அதன் மேல் தேங்காய், எதிரே சொம்பில் தண்ணீர்.

மின்விசிறிகள் நின்றன. மைக் செத்தது. நாதஸ்வரம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் விசிறிக்கொண்டே என்னைப் பார்த்தார். மின்சார ஆபீஸ்காரன் வீட்டுக் கல்யாணமா என்று அவர் கேட்கவில்லை, எனக்குத்தான் கேட்டது. கூட்டத்துக்கு நடுவே யாரோ ஒருவர் என்னை நோக்கிக் கையைத் திருகிக் காட்டினார். சாவி திருகுகிற மாதிரி. எனக்கு அது மண்டையில் ஏறவில்லை. அதற்குள் பின்பக்கம் ஜெனரேட்டர் திணறிக்கொண்டு கிளம்பியது. விசிறிகள் சுற்றின, விளக்கு எரிந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். உன் வேலை என்னிடம் பலிக்கவில்லை பார்த்தாயா என்று அந்த ஆபரேட்டரிடம் மனசுக்குள் பேசிக்கொண்டேன். லைனை நிறுத்தச் சொன்னதே என் ஜோடி என்பதுகூட அந்த நிமிஷம் எனக்கு மறந்துபோனது.

தாலி ஏறி, கெட்டிமேளம் அடங்கும்போது வெளியே கூச்சல். ஓடினேன். அவன் கரும்பு வரப்பில் மல்லாந்து கிடந்தான். வலது கை முழங்கைக்குக் கீழே கருகியிருந்தது. கண் திறந்திருந்தது, பேச்சில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்த வேனிலேயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போட்டுக்கொண்டு போனோம். அங்கே பார்த்துவிட்டு மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள்.

மதுரைக்கு மற்றவர்களை அனுப்பிவிட்டு நான் நேரே சப்ஸ்டேஷனுக்குப் போனேன். கழுத்திலிருந்த கல்யாண மாலையைக்கூட எடுக்கவில்லை. "ஆள் மேல இருக்கும்போது லைனப் போட்டுட்டீரேய்யா!" என்று அவர் சட்டையைப் பிடித்தேன். அவர் முகம் வெளிறிப்போனது. "நான் தொடவே இல்ல தம்பி. நம்பர் இன்னும் திரும்பி வரல. வந்து பாருங்க" என்று ரிஜிஸ்டரைக் காட்டினார். ரிஜிஸ்டர் அவர் கையெழுத்து, அதில் என்ன இருந்தால் என்ன? அன்றைக்கே புகார் எழுதிக் கொடுத்தேன். பழைய ஆலங்குளம் கதையையும் சேர்த்து எழுதினேன். படித்தவர்கள் எல்லோரும் நம்பினார்கள். ஒரு வாரத்துக்குள் அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். வேலை போய்விடும், கேஸ்கூட வரலாம் என்று பேசிக்கொண்டார்கள். அவருக்குப் படிக்கிற வயசில் இரண்டு பெண்கள். அதைக் கேட்டபோது எனக்கு இரக்கம் வரவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீஸில் விசாரணை வைத்தார்கள். கேஸை இன்னும் கெட்டியாக்க எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. கரண்ட் போன நேரம் ஜெனரேட்டர்காரருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கும் என்று, விசாரணைக்கு ஒரு மணி நேரம் முன்னால் அவர் கடைக்குப் போனேன். அவர் பழைய சீரியல் விளக்குகளுக்குப் பல்பு மாற்றிக்கொண்டிருந்தார்.

"கரண்ட்டு போன ஒடனே போட்டுட்டனே அண்ணாச்சி. செத்த நேரம்கூட ஆகல" என்றார்.

"மெயினை அணைச்சுட்டுத்தான போட்டீரு?"

"எப்பிடி அணைக்க? ரூம்பு பூட்டியில்லா கெடந்துச்சு. கூட்டத்துக்குள்ள இருந்து சாவி சாவின்னு கைய ஆட்டுனேன், நீங்க தாரை வாத்துக்கிட்டு இருந்தீய. எல்லாரும் போடு போடுன்னு சத்தம் போட்டாவ. மேடைக்குப் பின்னால பிளக்கு இருந்துச்சுல்லா, அதுல சொருகிட்டேன். மொதல்ல திணறுச்சு, பொறவு சரியாயிருச்சு."

இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயர் ஒன்று அவர் காலடியில் சுருண்டு கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கரண்ட் போனதும் கிணற்று மோட்டார்கள் தாமாகவே நின்றிருக்கும், ஜெனரேட்டரை இழுத்து அமுக்க வேறு பாரம் இல்லை. மெயின் அணைக்காமலே கிடந்திருக்கிறது. ஜெனரேட்டர் கரண்ட் ட்ரான்ஸ்பார்மர் வழியாக ஏறி, இரண்டாம் கம்பத்தில் அவன் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்போதும் என் புத்தி சும்மா இருக்கவில்லை. இவன் பொய் சொல்கிறானோ, ஆபரேட்டரிடம் ஏதாவது வாங்கிக்கொண்டானோ என்று ஒரு நொடி நினைத்தேன். பிறகு வெட்கமாக இருந்தது. கல்யாண வேட்டியோடு கழற்றி வைத்த சாவியைத் திருப்பிக் கொடுக்க மறந்து, சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் ஆபரேட்டர் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் சற்று நகர்ந்து இடம் விட்டார். நான் உட்காரவில்லை.

"மதுரைக்குப் போயிருந்தேன் தம்பி. தூரத்துல நின்னு பாத்துட்டு வந்துட்டேன். கிட்டப் போக மனசு வரல." பிறகு, "தங்கச்சி நல்லாருக்காளா?" என்று கேட்டார்.

எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. ஜெனரேட்டர்காரரை யாரும் விசாரிக்கவில்லை. மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடிய விஷயமே யாருக்கும் பெரிதாகப் படவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் இது இந்த மனுஷரோடு முடிந்துவிடும். இதையும் நான் நினைத்துப் பார்த்தேன், மறைக்கவில்லை.

உள்ளே அதிகாரி என் புகாரை வாசித்துக் காட்டி, இதில் ஏதாவது மாற்றிச் சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். நான் சாவியை எடுத்து மேஜையில் வைத்தேன். அது என்ன என்று கேட்டார். சொல்லி முடிக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. நடுவில் இரண்டு முறை தண்ணீர் கொடுத்தார்கள். ஆபரேட்டருக்கு அந்த மாசமே வேலை திரும்பக் கிடைத்தது. எனக்குத் தண்டனையும் மாறுதலும் வந்தன. அவர் கடைசிவரை என்னைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். அதற்குமேல் எதிர்பார்க்க எனக்கு முகமில்லை.

விசாரணைக்கு மறுநாள் மதுரைக்குப் போனேன். என் ஜோடிக்கு முழங்கைக்குக் கீழே கையை எடுத்துவிட்டிருந்தார்கள். அவன் மனைவியை டீ குடித்துவிட்டு வரும்படி அனுப்பிவிட்டு, கட்டில் ஓரத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டிய அறை, சாவி, பிளக், என் புகார். அவன் என்னைத் திட்டுவான், முகத்தில் துப்புவான் என்று எதிர்பார்த்தேன். அவன் மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"எர்த் ராடு ஒண்ணுதானல இருந்துச்சு" என்றான் மெதுவாக. "ஜம்பரக் கழத்திட்டா லைனு ரெண்டு துண்டு. சப்ஸ்டேஷன் பக்கமா மாட்டுனேன், நீ சொன்ன மாதிரியே. மண்டபத்துப் பக்கம் மாட்டுவமான்னு ஒரு நிமிசம் நெனச்சேன் மாப்ள. பொறவு விட்டுட்டேன். அந்தப் பக்கம் நீதான இருக்க, அங்கன இருந்து என்ன வந்திரப் போவுதுன்னு."

அவன் தண்ணீர் கேட்டான். டம்ளரை வாங்க வலது தோளைத் தூக்கினான், பிறகு நினைவு வந்து இடது கையை நீட்டினான். அது எட்டுவதற்குள் டம்ளரை நானே அவன் வாயில் வைத்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான்.